கொல்லைப்புற மீன் குளத்துக்கு நீரடி விளக்கு: டிரைவரில் தொடங்கித் தண்ணீரில் முடியும் வேலை

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது செங்கல், சிமென்ட்டால் கட்டிய வீட்டுக் குளம். நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர், தண்ணீர் நிற்கும் ஆழம் 80 செ.மீ. மொத்தம் 4800 லிட்டர். உள்ளே கோய் கெண்டையும் தங்கமீனும். ஒரு மூலையில் சிறிய அருவி, அதற்கு 230 வோல்ட்டில் ஓடும் சப்மெர்சிபிள் பம்ப். வீட்டுச் சுவரிலிருந்து குளத்தங்கரை வரை ஒயர் போக வேண்டிய தூரம் 18 மீட்டர். தனி வீடுகளில் பார்க்கிற பல குளங்கள் ஏறக்குறைய இந்த அளவுக்குள் அடங்கிவிடும். அளவு மாறினால் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பலரும் முதலில் விளக்கை வாங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் எந்த அடாப்டர், எந்த ஒயர் என்ற தேடல் தொடங்குகிறது. வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு சாகும்போது அதன் எல்.இ.டி. சில்லு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒயர் முனை வழியாக ஈரம் ஏறியிருக்கும், அல்லது உடல் அரித்திருக்கும், அல்லது டிரைவர் (230 வோல்ட்டை விளக்குக்கான குறை மின்னழுத்தமாக மாற்றும் பெட்டி) வெயிலில் வெந்திருக்கும். ஆகவே முதலில் டிரைவர், அடுத்து கேபிள், அதற்குப் பிறகு விளக்கின் உடல், கடைசியில்தான் வாட்ஸும் நிறமும்.

மின்சாரம்

230 வோல்ட் நேராகப் போகும் விளக்கு எதுவும் குளத்துக்குள் வேண்டாம். மீன் தொட்டிக் கடைகளில் கண்ணாடித் தொட்டிக்கென்று விற்கும் குழல் விளக்குகள் சில 230 வோல்ட்டில் ஓடுபவை. நீர்புகா உறை என்று அட்டையில் போட்டிருந்தாலும், குழந்தைகள் கைவிட்டு விளையாடும் திறந்த குளம் அவற்றுக்கு இடமல்ல. நீச்சல் குளங்களுக்கான பன்னாட்டு விதியான ஐ.இ.சி. 60364-7-702, தண்ணீருக்குள் இருக்கும் பகுதிக்கு ஏ.சி. என்றால் 12 வோல்ட், டி.சி. என்றால் 30 வோல்ட் என்று மேல் எல்லை வைக்கிறது. மீன் குளத்துக்கும் அதே எல்லையை வைத்துக்கொள்வதுதான் சரி.

அந்த எல்லைக்குள் 12 வோல்ட் டி.சி., 24 வோல்ட் டி.சி. இரண்டும் வரும். வீட்டிலிருந்து குளம் 5 மீட்டருக்குள் இருந்தால் 12 போதும். அதற்கு மேல் தூரம் என்றால் 24 வோல்ட்டே நல்லது. காரணம் கேபிள் பகுதியில் கணக்கோடு வருகிறது.

டிரைவர் மாறா மின்னழுத்த வகையாக, உள்ளீடும் வெளியீடும் தனித்தனியாகப் பிரிந்ததாக இருக்க வேண்டும். உறையில் 'செல்வ்' எனப்படும் பாதுகாப்பான குறை மின்னழுத்தக் குறியையும், பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணையும் பாருங்கள். எல்.இ.டி. டிரைவருக்கு இந்தியாவில் ஐ.எஸ். 15885 பகுதி 2, பிரிவு 13 படி பதிவு கட்டாயம். எண் இல்லாத பெட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனால் ஐ.பி. 67 (நீர்புகாத் தரம்) உறையோடு 24 வோல்ட் டிரைவர் கிடைக்கும். நம் குளத்துக்கு மொத்தச் சுமை 24 வாட்ஸ். 40 வாட்ஸ் டிரைவர் எடுத்தால் அறுபது சதவீதச் சுமையில் சூடேறாமல் ஓடும். 24 வாட்ஸுக்கு 25 வாட்ஸ் டிரைவர் எடுப்பது பணத்தை மிச்சம் பிடிப்பதாகாது.

பழைய ஹாலஜன் விளக்குக்கான எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மர் வீட்டில் கிடக்கிறதே என்று அதை மாட்ட வேண்டாம். அதன் வெளியீடு அதிவேக ஏ.சி.; குறைந்தபட்சச் சுமை இல்லையென்றால் அது ஒழுங்காக வேலை செய்யாது; எல்.இ.டி. மினுக்கும். 'டி.சி. மட்டும்' என்று எழுதிய விளக்கில் 12 வோல்ட் ஏ.சி. கொடுத்தால் உச்சத்தில் 17 வோல்ட் பாயும். இரண்டையும் ஏற்கும் விளக்குக்குள் ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிபையர் இருக்கும், லேபிளில் ஏ.சி./டி.சி. என்று தெளிவாக எழுதியிருக்கும்.

எலக்ட்ரீஷியன் வேலை முடிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழக்கதோஷத்தில் டிரைவரின் மைனஸ் ஒயரை எர்த்தோடு இணைத்துவிடுவார்கள். கூடாது. 24 வோல்ட் பக்கம் பிளஸ், மைனஸ் இரண்டுமே பூமியைத் தொடாமல் தனித்திருப்பதில்தான் அந்தப் பாதுகாப்பே இருக்கிறது.

இவ்வளவும் விளக்குக்கு. அதே தண்ணீரில் 230 வோல்ட் பம்ப் கிடக்கிறது, உண்மையான ஆபத்து அங்கேதான். பம்பின் சீல் தேய்ந்தால் விளக்கு எத்தனை வோல்ட்டில் எரிந்தாலும் பயனில்லை. குளத்துக்கென்று போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தே ஆக வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். (மின்னணு முறையில் மின்னழுத்தம் மாற்றும்) வகை டிரைவர் அதே லைனில் இருப்பதால் 'ஏ' வகை ஆர்.சி.சி.பி. நல்லது, 'ஏ.சி.' வகை அல்ல. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். கை தண்ணீருக்குள் போகுமுன் பம்ப், விளக்கு இரண்டின் ஸ்விட்சும் அணைந்திருக்க வேண்டும்.

டிரைவர் இருக்கும் இடம் குளத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது 3.5 மீட்டர் தள்ளி, சன்ஷேடுக்குக் கீழே, வடகிழக்குப் பருவமழையில் முற்றத்தில் தண்ணீர் நின்ற தடத்துக்கு 60 செ.மீ. மேலே. மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். மே மாத வெயில் வாங்கிய சுவரில் உட்கார்ந்தால் உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் சீக்கிரம் போய்விடும். ஒவ்வொரு 10 டிகிரி சூடு கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

கேபிள்

24 வாட்ஸ் சுமை, 18 மீட்டர் தூரம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கணக்கில் 36 மீட்டர். பல இழைச் செம்பு ஒயரின் தடை 0.75 சதுர மி.மீ.க்குக் கிலோமீட்டருக்கு 26 ஓம், 1.5க்கு 13.3 ஓம், 2.5க்கு 7.98 ஓம்.

12 வோல்ட் என்றால் 2 ஆம்பியர் ஓடும். 0.75 ஒயரில் 1.87 வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும், அதாவது பதினைந்து சதவீதத்துக்கும் மேல். 1.5 ஒயரில் 0.96 வோல்ட், எட்டு சதவீதம். 2.5 போட்டாலும் 0.57 வோல்ட், ஐந்து சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதே சுமையை 24 வோல்ட்டில் ஓட்டினால் 1 ஆம்பியர்தான். 1.5 ஒயரில் விழுவது 0.48 வோல்ட், வெறும் இரண்டு சதவீதம். கடைசி விளக்கும் முதல் விளக்கும் ஒரே வெளிச்சமாக எரிய மூன்று சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. 24 வோல்ட்டைப் பரிந்துரைப்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

என்ன கேபிள்? கோயம்புத்தூர் பம்புகளால் தமிழ்நாட்டில் எந்தச் சிற்றூர் மின்கடையிலும் சப்மெர்சிபிள் பிளாட் கேபிள் கிடைக்கும். உள்ளே தனித்தனி உறையோடு மூன்று ஒயர், ஒவ்வொன்றும் 1.5 சதுர மி.மீ. தண்ணீரில் கிடப்பதற்கென்றே செய்தது. இரண்டு ஒயரைப் பயன்படுத்தி மூன்றாவதை மடித்துச் சீல் செய்து, பிற்பாடு தேவைப்படலாம் என்று விட்டுவைக்கலாம். தட்டையான கேபிளுக்கு வட்ட கிளாண்ட் (கேபிள் நுழையும் வாயை இறுக்கி அடைக்கும் திருகு மூடி) சரியாகப் பிடிக்காது. ஓரத்தில் இடைவெளி விட்டு ஈரம் புகும். ஜங்ஷன் பாக்ஸுக்குத் தட்டைத் துளை ரப்பர் உள்ள கிளாண்ட் கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் சூடுபட்டால் சுருங்கும், உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாயைக் கேபிள் மேல் இரண்டு அடுக்கு சுருக்கி, அந்த இடத்தை வட்டமாக்கிப் பிறகு கிளாண்டை இறுக்கலாம்.

மண்ணுக்குள் போகும் பகுதிக்கு 25 மி.மீ. கனமான பி.வி.சி. கண்ட்யூட், 45 செ.மீ. ஆழத்தில். கண்ட்யூட் இல்லாமல் புதைத்த கேபிளைப் பெருச்சாளி கடித்துவிடும். கண்ட்யூட்டின் இரண்டு வாயையும் அடைக்க வேண்டும்; திறந்து விட்டால் எறும்பு கூடு கட்டும், ஜங்ஷன் பாக்ஸுக்குள் பல்லி முட்டையிடும்.

அடுத்தது இணைப்பு. தண்ணீருக்குள் எந்த இணைப்பும் வேண்டாம். விளக்கோடு வரும் ஒயர் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மீட்டர்தான் இருக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே 5 மீட்டர் ஒயரோடு கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் விலை கேட்பார்கள், கொடுத்துவிடலாம். கரைக்கு மேலே, ஜெல் நிரப்பிய ஜங்ஷன் பாக்ஸில் எல்லா விளக்குகளும் இணையட்டும். கேபிள்கள் பெட்டிக்குள் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். நுழையுமுன் ஒவ்வொன்றும் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறட்டும். ஒயரில் வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இணைப்பு கரைக்கு மேலேதானே இருக்கிறது, ஈரம் பட்டால் என்ன என்று விட்டுவிடக் கூடாது. பல இழை ஒயரின் வெட்டிய முனையில் ஈரம் பட்டால், இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாக நீர் ஊர்ந்து, பல மீட்டர் தள்ளியிருக்கும் விளக்கின் வயிற்றுக்குள் போய்ச் சேரும். விளக்கு எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும், அணைத்ததும் குளிர்ந்து சுருங்கி உறிஞ்சும். தினமும் நடக்கும் இந்த உறிஞ்சலே ஈரத்தை இழுத்துவிடும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத விளக்கின் கண்ணாடிக்குப் பின்னால் பனி படர்ந்திருந்தால் முக்கால்வாசி இதுதான் காரணம். தடுப்பதற்கு ஒயர் முனையை 2 செ.மீ. உரித்து, இழைகளுக்குள் முழுக்க ஊறும்படி ஈயம் பற்றவைக்க வேண்டும். அதன்மேல் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். சுருக்கும்போது இரண்டு ஓரத்திலும் பசை பிதுங்கி வர வேண்டும். பிதுங்கவில்லை என்றால் சூடு போதவில்லை. கறுப்பு இன்சுலேஷன் டேப் இந்த வேலைக்கு உதவாது, ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

விளக்கின் உடல்

ஐ.பி. 65 என்றால் பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்கும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 68 மட்டுமே தொடர்ந்து மூழ்கிக் கிடப்பதற்கு; அதிலும் எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். ஆழம் குறிப்பிடாமல் வெறுமனே 68 என்று அச்சடித்த விளக்கை நம்ப வேண்டாம்.

மினுமினுக்கும் எஸ்.எஸ். (எவர்சில்வர்) உடல் அழகாகத்தான் இருக்கும். மீன் குளத்தில் அதற்கு ஒரு சிக்கல் உண்டு. மீனுக்கு நோய் வந்தால் கல் உப்பு போடுவது வழக்கம். லிட்டருக்கு 3 கிராம் என்ற அளவில் 4800 லிட்டருக்கு 14.4 கிலோ உப்பு. அப்போது தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 1800 மில்லிகிராமைத் தாண்டும். எஸ்.எஸ். 304 பொதுவாக 200 மில்லிகிராம் வரைக்கும், 316 ஏறக்குறைய 1000 வரைக்கும்தான் ஏற்றது. அதற்கு மேல் போனால் ஓ-ரிங் உட்காரும் பள்ளத்திலும் திருகுக்கு அடியிலும் ஊசிக்குத்து போலத் துளை விழத் தொடங்கும், சீல் அங்கேதான் விட்டுப்போகும். கடலோர ஊர்களில் உப்பே போடாவிட்டாலும் போர் தண்ணீர் 304 எல்லையைத் தாண்டியிருக்கலாம்.

பித்தளை, வெண்கல உடல் அரிப்பைத் தாங்கும். ஆனால் செம்பு கசிந்தால் மீனுக்கு ஆகாது. மென்னீரிலும் அமிலத்தன்மை கூடிய நீரிலும் நஞ்சு இன்னும் கடுமை. நத்தையும் இறாலும் வளர்ப்பவர்கள் பித்தளைப் பக்கமே போக வேண்டாம்.

மிஞ்சுவது பிளாஸ்டிக். ஏ.பி.எஸ். அல்லது பாலிகார்பனேட் உடல், உள்ளே காற்று இடமே இல்லாமல் எப்பாக்ஸி ரெசின் ஊற்றி நிறைத்த விளக்கு. கெட்டால் பிரித்துச் சரிசெய்ய முடியாது என்பது இதன் குறை. ஓ-ரிங் வைத்துத் திருகிய விளக்கைப் பிரிக்கலாம், சில்லை மாற்றலாம். ஆனால் மேலே சொன்ன உறிஞ்சல் நடக்க உள்ளே காற்று வேண்டும்; ரெசின் நிறைத்ததில் அதற்கு இடமில்லை. மீன் குளத்துக்கு ரெசின் வகையே சரி. கையில் எடுத்தால் அதே அளவு ஓ-ரிங் விளக்கைவிடக் கனமாக இருக்கும், குலுக்கினால் எதுவும் ஆடாது.

எத்தனை, எங்கே

மூன்று 5 வாட்ஸ் விளக்குகள் குளத்துக்குள், ஒரு 9 வாட்ஸ் அருவிக்கு அடியில். மொத்தம் 24. ஆறு சதுர மீட்டர் குளத்துக்கு இது தாராளம். இருட்டில் கண் பழகிவிடும். கூடுதல் விளக்கு போட்டால் மீனைவிடத் தண்ணீரில் மிதக்கும் தூசிதான் பளிச்சென்று தெரியும். உட்புறம் கறுப்பு லைனராக (நீர்புகா விரிப்பாக) இருந்தால் சுவர் வெளிச்சத்தை விழுங்கும். அப்போதும் வாட்ஸைக் கூட்டாமல், விளக்கைச் சுவர்மேல் அடிக்காமல் மீன் நீந்தும் நடுப்பகுதி நோக்கித் திருப்பினால் போதும்.

வைக்கும் பக்கம்தான் முக்கியம். உட்கார்ந்து பார்க்கும் திண்ணை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கச் சுவரிலேயே விளக்கு இருக்க வேண்டும், முகம் எதிர்ச்சுவரை நோக்கி. எதிர்ப்பக்கம் வைத்தால் ஒளி நேராகக் கண்ணில் குத்தும், நீரின் கலங்கல் வெண்திரையாகத் தெரியும். தரையில் வைத்து மேல்நோக்கி அடிப்பதும் அப்படியே. அருவி விளக்கு மட்டும் விதிவிலக்கு. விழும் நீருக்கு நேர் அடியில், மேல்நோக்கி. நுரை ஒளியைச் சிதறடித்து அருவி முழுவதும் ஏந்திக்கொள்ளும்.

சுவர் விளக்குகளைக் கிடைமட்டமாக அல்லது பத்துப் பதினைந்து டிகிரி கீழ்நோக்கித் திருப்புங்கள். நீருக்குள்ளிருந்து மேற்பரப்பைச் செங்குத்திலிருந்து 48.6 டிகிரிக்கு மேல் சாய்வாகத் தொடும் ஒளி வெளியே வராது, திரும்பவும் தண்ணீருக்குள்ளேயே எதிரொளிக்கும். கிடைமட்டமாக அடிக்கும் ஒளி இதனால் குளத்துக்குள்ளேயே அலைந்து மீனின் பக்கவாட்டில் படும், கண்ணுக்கு வராது. அருவியின் அலை மேற்பரப்பைக் கலைத்தால் இந்தப் பலன் குறையும். அதனால் அருவி விழும் மூலையிலிருந்து சுவர் விளக்குகளைத் தள்ளி வையுங்கள்.

கடையில் காற்றில் எரியவிட்டுப் பார்க்கும் ஒளிக்கற்றை தண்ணீருக்குள் அப்படியே இருக்காது. தட்டையான கண்ணாடி உள்ள 60 டிகிரி விளக்கு நீருக்குள் 44 டிகிரியாகச் சுருங்கும், 120 டிகிரி விளக்கு 81 ஆகும். 2 மீட்டர் அகலக் குளத்துக்கு 120 டிகிரி என்று எழுதியதை வாங்கினால்தான் விரும்பிய பரவல் கிடைக்கும்.

ஆழம், மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ. கோடையில் திறந்த நீர் ஒரு நாளைக்கு 5 முதல் 8 மி.மீ. வரை ஆவியாகும். பத்து நாள் ஊருக்குப் போய் வந்தாலும் விளக்கு மூழ்கியே இருக்க இந்த ஆழம் வேண்டும். நீர் குளிர்விப்பதை நம்பிச் செய்த விளக்குகள் காற்றில் எரிந்தால் சூடேறிக் கெட்டுவிடும். பரிசோதனைக்காகக்கூட வெளியே சில நிமிடங்களுக்கு மேல் எரியவிடாதீர்கள்.

நிறம்

3000 கெல்வின். கோஹாகு என்ற வெள்ளை-சிவப்பு கோய் வகையின் சிவப்பும் தங்கமீனின் ஆரஞ்சும் இந்த ஒளியில்தான் உயிரோடு தெரியும். 6500 கெல்வின் வெள்ளை போட்டால் சிவப்பு மங்கி, சுவரில் படிந்த பாசியின் பச்சைதான் முன்னால் வந்து நிற்கும். வெள்ளை, கறுப்பு மீன்களே அதிகம் என்றால் 4000 வரை போகலாம். நிறம் காட்டும் குறியீடு, சி.ஆர்.ஐ., 80க்கு மேல் இருக்கட்டும். பூச்சிகளும் மஞ்சள் ஒளிக்குக் குறைவாகவே வரும்.

நிறம் மாறும் ஆர்.ஜி.பி. விளக்கு மீன் குளத்துக்கு வேண்டாம். நீலத்தில் கோய் சாம்பலாகத் தெரியும், பச்சையில் தண்ணீர் அழுக்காகத் தெரியும். மின்னி மின்னி எரியும் அமைப்பில் மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். சோலார் விளக்குகளை 500 லிட்டர் தொட்டிக்கு ஒரு மினுக்கலாக வைக்கலாம். கார்த்திகை மழையில் பேனலுக்கு வெயில் கிடைக்காத வாரங்களில் அவை எரியாது.

வாளிச் சோதனை

புது விளக்கை நேராகக் குளத்தில் இறக்காதீர்கள். 10 லிட்டர் தண்ணீரில் 30 கிராம் உப்பைக் கரைத்த பிளாஸ்டிக் வாளியில் இரண்டு நாள் போடுங்கள். ஒயர் முனை வாளிக்கு வெளியே உலர்ந்திருக்கட்டும். பகலில் ஒரு மணி நேரம் எரியவிட்டு ஒரு மணி நேரம் அணைக்க வேண்டும். தொடர்ந்து எரிந்தால் உறிஞ்சல் நடக்காது, கசிவு தெரியாது. சூடும் குளிரும் மாறி மாறி வந்தால்தான் ஒளிந்திருக்கும் குறை வெளிவரும்.

இரண்டாம் நாள் முடிவில் டிரைவரைக் கழற்றிவிட்டு, விளக்கின் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி மெக்கரின் (மின்காப்புத் தடையை அளக்கும் கருவி) ஒரு முனையில் கொடுங்கள். மற்ற முனையை வாளித் தண்ணீரில் மூழ்கிய எவர்சில்வர் கரண்டியில் மாட்டுங்கள். மெக்கரை 250 வோல்ட்டில் வைக்க வேண்டும். ஒயர்களை ஒன்றாக்காமல் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே மெக்கர் கொடுத்தால் உள்ளிருக்கும் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். விதி கேட்கும் குறைந்தபட்சம் 0.5 மெகா ஓம். ஒழுங்காகச் சீல் ஆன புது விளக்கு நூறு மெகா ஓமுக்கு மேல் காட்டும். ஒன்றிரண்டு மெகா ஓம் காட்டுவது விதிப்படி தேறினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்குள் ஈரம் போகத் தொடங்கிவிட்டது.

பொருத்துதல்

கட்டி முடித்த சிமென்ட் குளத்தில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துளை போட வேண்டாம். வாட்டர்ப்ரூப் பூச்சு உடையும், கசிவைப் பிறகு கண்டுபிடிக்க முடியாது. லைனர் குளத்தில் துளை என்ற பேச்சுக்கே இடமில்லை. 40 மி.மீ. பி.வி.சி. குழாயை வெந்நீரில் இளக்கி 'ப' வடிவில் வளைத்து, கரைச் சுவரின் தலையில் மாட்டித் தொங்கவிட்டால் அதுவே பிராக்கெட். அருவி விளக்குக்கு அதே குழாயில் 30 செ.மீ. துண்டு வெட்டி, உள்ளே முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி, இரண்டு பக்கமும் மூடி ஒட்டினால் தரையில் அசையாமல் நிற்கும். ஜல்லிக்குப் பதில் சிமென்ட் ஊற்றினால் கசியும் சுண்ணாம்பு நீரின் பி.எச்.சை ஏற்றும்.

ஒட்ட வேண்டி வந்தால் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான் மட்டும். குளியலறைக்கு விற்கும் சிலிக்கானில் அந்த மருந்து கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது. கேபிள் டை வெட்டிய முனை பிளேடுபோல இருக்கும். கோய் உடம்பைத் தேய்க்கும்போது செதில் கிழியும். வெட்டிய முனையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, லைட்டரால் மழுக்கிவிடுங்கள்.

ஒவ்வொரு விளக்குக்கும் ஒன்றரை மீட்டர் ஒயரைக் கூடுதலாக விட்டுச் சுருட்டிப் பிராக்கெட்டுக்குப் பின்னால் கட்டுங்கள். விளக்கைக் கரைமேல் தூக்கிவைத்துத் துடைக்க அது வேண்டும். எல்லாம் முடிந்ததும் நான்கு விளக்கும் எரியும்போதே ஜங்ஷன் பாக்ஸில் வோல்ட்டேஜ் பாருங்கள். 23.5 வரவேண்டும். 23க்குக் கீழே இறங்கினால் எங்கோ இணைப்பு தளர்வு.

மீனுக்கு இருட்டு

மீனுக்கு இமை கிடையாது. இரவு முழுவதும் விளக்கு எரிந்தால் ஓய்வில்லை. டைமரில் பொழுது சாய்வதற்குச் சற்று முன்பு தொடங்கி ஒன்பதரை வரை போதும். கும்மிருட்டில் திடீரென்று போட்டால் மீன்கள் மிரண்டு சுவரில் மோதும், சில வெளியே துள்ளும். சூரியன் மறையுமுன்பே விளக்கு எரியத் தொடங்கிவிட வேண்டும். சென்னையில் நவம்பரில் ஐந்தே முக்காலுக்கு முன்பே பொழுது சாயும், ஜூலையில் ஆறரை தாண்டும். இடத்தின் சூரிய நேரத்தைக் கணக்கிடும் டைமர் கிடைத்தால் வாங்கலாம், இல்லையென்றால் வருடத்தில் மூன்று முறை நேரத்தை மாற்றினால் போதும். அணைக்கும்போது வராந்தா விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கட்டும். குளத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்காவது ஒளி படக் கூடாது. தாமரை இலைக்கடியிலோ பலகைக் கல்லுக்கடியிலோ மீன்கள் ஒதுங்க அந்த இடம் தேவை.

முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் மாலைகளில் விளக்கைப் போடவே வேண்டாம். கொத்துக் கொத்தாக விழும். மீன் வயிறு முட்டத் தின்றும் மிச்சம் மிதந்து அழுகி அம்மோனியாவை ஏற்றும். இரவில் வேட்டையாடும் வக்கா என்னும் கொக்கு உள்ள ஊர்களில் விளக்கு அதற்கும் வழிகாட்டும், ஆகவே மேலே வலை கட்டுங்கள்.

பிறகு வரும் கோளாறுகள்

இரண்டு வாரத்தில் வெளிச்சம் குறைந்ததுபோல் தெரிந்தால் விளக்கைக் குறை சொல்லாதீர்கள், கண்ணாடியில் பாசி படிந்திருக்கும். மெல்லிய துணி போதும். போர் தண்ணீரின் வெள்ளைப் படிவுக்கு, விளக்கைக் கரைமேல் எடுத்து வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்துத் துடைத்து, நல்ல நீரில் கழுவிய பின் இறக்குங்கள். பெர்மாங்கனேட் மருந்து போட்ட பிறகு வரும் பழுப்புக் கறை வைட்டமின் சி மாத்திரை கரைத்த நீரில் போகும். பாலிகார்பனேட் மேல் தின்னர், அசிட்டோன் பட்டால் மயிரிழை வெடிப்பு விழும்.

எல்லா விளக்கும் ஒரு நொடிக்கு ஒருமுறை எரிந்து எரிந்து அணைகிறதா? டிரைவர் தன்னைக் காத்துக்கொள்கிறது; எங்கோ ஷார்ட் அல்லது அதிகச் சுமை. ஜங்ஷன் பாக்ஸில் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மற்றவை நிலையாக எரிகின்றனவோ அதில் கோளாறு. ஒரு விளக்கு மட்டும் கொஞ்ச நேரம் எரிந்து தானாக அணைந்து, ஆறிய பிறகு மீண்டும் எரிந்தால் முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள்.

ஒரு விளக்கு முற்றிலும் செத்துவிட்டால் அன்றே வெளியே எடுத்துவிடுங்கள். ஈரம் புகுந்த டி.சி. விளக்கில் மின்பகுப்பு நடக்கும். பிளஸ் ஒயரின் செம்பு பச்சை பூத்துக் கரைந்து தண்ணீரில் கலக்கும். பிளஸ் பக்கம் மட்டும் தின்னப்பட்டு மைனஸ் பளபளவென்று இருந்தால் காரணம் இதுதான், ஐயமே வேண்டாம். எரியாத விளக்குதானே, கிடக்கட்டும் என்று விட்டால் டைமர் ஓடும் ஒவ்வொரு மாலையும் குளத்துக்குள் செம்பு இறங்கிக்கொண்டிருக்கும். எடுத்த கையோடு மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றிவிடுவது நல்லது.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் பலரும் முதலில் நீரடி விளக்கைத்தான் பிடுங்குவார்கள். 24 வோல்ட் பக்கம் பிரிந்து நிற்பதால் அங்கே நடக்கும் கசிவை ஆர்.சி.சி.பி. பார்க்கவே முடியாது. பம்பின் ப்ளக்கைக் கழற்றிவிட்டு ஏற்றிப் பாருங்கள். விழாமல் நின்றால் பம்பின் சீலோ அதன் கேபிளோ போயிருக்கிறது. பம்பைக் கழற்றியும் விழுந்தால் டிரைவரின் 230 வோல்ட் பக்க இணைப்பில் மழைநீர் இறங்கியிருக்கும். பம்பை மாற்றும் வரை அருவி ஓடாது என்பதால், 4800 லிட்டருக்கு ஒரு காற்று பம்பாவது அன்றிரவே போட்டுவிடுங்கள்; விளக்கு காத்திருக்கலாம், மீனுக்கு ஆக்ஸிஜன் காத்திருக்காது.